பாட்டு வராத வாத்தியார்

1872இல் ஜப்பானிய அரசு ஒரு கல்விச் சட்டம் போட்டது. ஷோகன் ஆட்சி கவிழ்ந்து நான்கு வருடம்தான் ஆகியிருந்தது. கஜானாவில் பணம் இல்லை. புது மாதிரிப் பாடம் நடத்தத் தெரிந்தவர்களும் இல்லை. ஆனாலும் கணக்கைப் பெரிதாகவே போட்டார்கள். நாடு முழுவதையும் 8 பல்கலைக்கழக வட்டாரங்களாகப் பிரிப்பது, ஒவ்வொன்றிலும் 32 நடுநிலைப்பள்ளி வட்டாரங்கள், அவை ஒவ்வொன்றிலும் 210 தொடக்கப்பள்ளிகள். பெருக்கிப் பார்த்தால் 53,760 தொடக்கப்பள்ளிகள். பாடப் பட்டியலும் மேல்நாட்டைப் பார்த்து எழுதியதுதான். எழுத்து, கணக்கு, உடற்பயிற்சி என்று போகும் அந்தப் பட்டியலில் பாட்டும் உண்டு. பாட்டுக்குப் பக்கத்தில் மட்டும் ஒரு சின்னக் குறிப்பு: இப்போதைக்கு இது இல்லாமலே நடத்திக்கொள்ளலாம்.

வேறு வழி இருக்கவில்லை. ஜப்பானில் இசைக்குப் பஞ்சமில்லை. அரண்மனையில் ககாக்கு, மேடையில் நோ நாடகம், கேளிக்கை விடுதிகளில் ஷமிசென், புத்த மடங்களில் ஓதல் என்று அவரவருக்கு அவரவர் இசை இருந்தது. நாற்பது பிள்ளைகள் ஒரே அறையில் நின்று ஒரே குரலில் பாடுவதற்கு மட்டும் எதுவும் இல்லை. அப்படிப் பாடச் சொல்லிக்கொடுக்க ஆளும் இல்லை.

பத்து வருடத்துக்குள் அந்தக் குறிப்புக்கு வேலை இல்லாமல் செய்தவர், அமெரிக்காவில் ஆசிரியர் பயிற்சிக்குப் போய், எல்லாப் பாடத்திலும் தேறி, பாட்டில் மட்டும் கோட்டை விட்டவர்.

இசாவா ஷூஜி 1851இல் இன்றைய நாகானோ மாவட்டத்தின் மலைப்பகுதியில், தக்காத்தோ என்ற சிறு சமஸ்தானத்தில், வசதி குறைந்த சாமுராய் குடும்பத்தில் பிறந்தார். சமஸ்தானம் மேல்நாட்டு பாணியில் படையைப் பயிற்றத் தொடங்கியபோது பையன் முரசு அடிப்பவனாகச் சேர்ந்தான். ஆக, அவருக்குத் தாளம் சிறு வயதிலேயே கைவந்துவிட்டது. பிறகு தோக்கியோவில் ஆங்கிலப் படிப்பு, கல்வி அமைச்சகத்தில் வேலை. 1874இல், இருபத்து மூன்றே வயதில், நகோயாவில் இருந்த ஐச்சி ஆசிரியர் பயிற்சிப் பள்ளிக்குத் தலைவர். அங்கேயே அவர் சின்னப் பிள்ளைகளுக்கு ஆட்டமும் பாட்டும் வைத்துப் பார்த்தார். வண்ணத்துப்பூச்சியைப் பற்றிய ஒரு குழந்தைப் பாட்டு, அதற்கேற்ற அசைவுகள். பிள்ளைகளின் உடம்புக்கும் மனதுக்கும் இது நல்லது என்று அமைச்சகத்துக்கு அறிக்கையும் அனுப்பினார். ஜெர்மன் கல்வியாளர் ஃப்ரோபலின் குழந்தைத் தோட்ட யோசனைகளைப் புத்தகத்தில் படித்ததன் விளைவு அது.

அதற்கு முன் வெளிநாட்டுக்கு அனுப்பப்பட்டவர்கள் வேறு ரகம். பிரபு வீட்டுப் பிள்ளைகள், அரசியல் செல்வாக்குள்ளவர்களின் உறவினர்கள் என்று பலர் அரசுப் பணத்தில் போயிருந்தார்கள். செலவுக்கேற்ற பலன் இல்லை என்று 1873இல் அவர்களில் பெரும்பாலோரை அரசு திரும்ப அழைத்துக்கொண்டது. 1875இல் நடந்தது புதிய ஏற்பாடு. கல்வி அமைச்சகத்தை நடத்திவந்த தனாக்கா ஃபுஜிமாரோ, மேல்நாடுகளைப் பார்த்துவர அரசு அனுப்பிய இவாக்குரா தூதுக்குழுவோடு அமெரிக்கப் பள்ளிகளைச் சுற்றிப் பார்த்தவர். அவருக்கு ஆலோசகராக ரட்கர்ஸ் கல்லூரிப் பேராசிரியர் டேவிட் மர்ரே தோக்கியோவில் இருந்தார். ஆசிரியர்களை உருவாக்கும் முறையைக் கற்றுவர மூன்று பேர் தேர்ந்தெடுக்கப்பட்டார்கள். மூவரும் இளைஞர்கள், மூவரும் வேறு வேறு பள்ளிக்கு. தக்காமினே ஹிதெயோ நியூயார்க் மாநிலத்தின் ஆஸ்விகோவுக்கு. கோஸு சென்ஸபுரோ அதே மாநிலத்தின் ஆல்பனிக்கு. இசாவா மாசச்சூசெட்ஸின் பிரிட்ஜ்வாட்டருக்கு. மூன்று பேரை ஒரே இடத்தில் போட்டால் தங்களுக்குள்ளேயே பேசிக்கொண்டிருப்பார்கள் என்ற கணக்காகவும் இருக்கலாம். மூன்று விதமான பள்ளிகளைப் பார்த்துவரட்டும் என்பதாகவும் இருக்கலாம். எதுவானாலும் நல்ல முடிவு.

பிரிட்ஜ்வாட்டர், பாஸ்டனுக்குத் தெற்கே நாற்பது கிலோமீட்டர் சொச்சத்தில் உள்ள சிற்றூர். 1840இல் அங்கே தொடங்கிய பயிற்சிப் பள்ளி, அமெரிக்காவில் மாநில அரசுகள் நடத்திய முதல் ஆசிரியர் பயிற்சிப் பள்ளிகளில் ஒன்று. ஆல்பர்ட் பாய்டன் 1860 முதல் முதல்வர். 1906 வரை அந்த நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. அங்கே ஒரு பாடத்தைத் தெரிந்துகொண்டால் போதாது. அதை எப்படிப் பிரித்து, எந்த வரிசையில் பிள்ளைகளுக்குக் கொண்டுபோவது என்று எழுந்து நின்று நடத்திக்காட்ட வேண்டும். ஏற்கெனவே ஒரு பயிற்சிப் பள்ளிக்குத் தலைவராக இருந்த இசாவா இப்போது பெஞ்சில் உட்கார்ந்து, அந்நிய மொழியில், தன்னைவிட இளைய அமெரிக்கப் பையன்கள் பெண்கள் முன்னால் பாடம் ஒப்பிக்க வேண்டியிருந்தது. கணக்கும் அறிவியலும் தொந்தரவு தரவில்லை. தொந்தரவு தந்தவை இரண்டு: ஆங்கில உச்சரிப்பு, பாட்டு.

பாட்டில் அவருக்கு என்ன சிக்கல் என்பது நம் இசை தெரிந்தவர்களுக்குச் சட்டென்று விளங்கும். மேற்கின் பள்ளிப் பாடல்கள் ஏறும் ஏணி, சுரக் கணக்கில் நம் சங்கராபரணம். அதில் ம-வையும் நி-யையும் எடுத்துவிட்டால் மிஞ்சுவது ஸ, ரி, க, ப, த. அதாவது மோகனத்தின் ஐந்து சுரங்கள். (மோகனத்தின் தாய் அரிகாம்போதி என்று வித்வான்கள் திருத்துவார்கள், இங்கே நமக்குச் சுரம் மட்டும் போதும்.) ஜப்பானில் இசாவா கேட்டு வளர்ந்ததும் ஐந்து சுர இசைதான். வகுப்பில் ஏழு சுரத்தையும் வரிசையாகப் பாடச் சொன்னால், ம வரும் இடத்திலும் நி வரும் இடத்திலும் அவர் குரல் தடுமாறியது. ஸ்தானத்தில் நிற்காமல் மேலேயோ கீழேயோ நழுவியது. முரசடித்த கை இதற்கு உதவவில்லை.

பாய்டன் நல்ல மனிதர். நீங்கள் கீழ்த்திசையிலிருந்து வந்தவர், மற்ற பாடங்களில் நன்றாகவே செய்கிறீர்கள், பாட்டிலிருந்து உங்களுக்கு விலக்குத் தருகிறேன் என்று அழைத்துச் சொன்னார். அவர் கருணையாகச் சொன்னது இசாவாவுக்கு அவமானமாகப் போயிற்று. அரசு தன்னை அனுப்பியதே எல்லாவற்றையும் கற்றுவரத்தான். ஒரு பாடத்தை விட்டுவிட்டு எந்த முகத்தோடு ஊர் திரும்புவது? மூன்று நாள் அழுதேன் என்று பிற்காலத்தில் தன் நினைவுக் குறிப்புகளில் அவரே சொல்கிறார். வயதான காலத்தில் எழுதிய சுயசரிதையில் கொஞ்சம் நாடகம் கலந்திருக்கும் என்று தள்ளுபடி போட்டாலும், அழுகையின் காரணம் நம்பும்படியாகவே இருக்கிறது.

விலக்கை அவர் ஏற்கவில்லை. பாஸ்டனில் லூத்தர் வைட்டிங் மேசன் இருந்தார். 1818இல் மெய்ன் மாநிலத்தில் பிறந்து, லூயிவில், சின்சினாட்டி நகரங்களில் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுத்து, 1864இல் பாஸ்டனுக்கு வந்து, அங்கே தொடக்கப்பள்ளிகளின் பாட்டு வகுப்புகளைக் கவனித்துக்கொண்டவர். சுவரில் தொங்கவிடும் பெரிய சுர அட்டைகள், படிப்படியாகக் கடினமாகும் பாட்டுப் புத்தகங்கள் என்று அவர் உண்டாக்கிய பாடத்திட்டம் நாடெங்கும் விற்றுக்கொண்டிருந்தது. ஆறு வயதுப் பிள்ளைகளைப் பாட வைத்தே பழகியவருக்கு இருபத்தைந்து வயது சாமுராய் ஒரு புது மாதிரி மாணவர். வாரந்தோறும் இசாவா பாஸ்டனுக்குப் போய் அவரிடம் கற்றார். மெல்ல மெல்ல ம-வும் நி-யும் வந்தன.

அந்த வகுப்பு ஒருவழிப் பாதையாக இருக்கவில்லை என்பதுதான் சுவாரஸ்யம். மேசனுக்குப் பாட்டு தெரியும், ஜப்பானிய மொழி தெரியாது. இசாவாவிடம் வார்த்தைகள் இருந்தன, மெட்டு இல்லை. நகோயாவில் ஆடவைத்த அந்த வண்ணத்துப்பூச்சிப் பாட்டின் வரிகளை, மேசன் புத்தகத்தில் இருந்த ஒரு மெட்டில் இசாவா உட்கார வைத்துப் பார்த்தார். அந்த மெட்டுக்கு வேர் ஜெர்மனியில். ஆங்கிலேயக் குழந்தைகள் அதைப் படகுப் பாட்டாகப் பாடினார்கள். ஜப்பானில் இன்று ‘சோச்சோ’ என்றால் தெரியாத குழந்தை இருக்காது. அதன் மெட்டில் நான்காவதாக வரும் சுரமே ம. எது வராமல் அழுதாரோ அதை ஒரு நாட்டின் பிள்ளைகள் அத்தனை பேருக்கும் முதல் அடியிலேயே வைத்துவிட்டார்.

இரண்டாவது தொந்தரவு, உச்சரிப்பு. 1876இல் அமெரிக்க சுதந்திரத்தின் நூறாவது ஆண்டை ஒட்டி ஃபிலடெல்ஃபியாவில் உலகக் கண்காட்சி நடந்தது. ஜப்பானும் கடை விரித்திருந்தது, தனாக்காவே வந்திருந்தார். இசாவாவின் கண்ணில் பட்டதோ விசித்திரமான குறிகள் நிறைந்த ஒரு விளக்கப்படம். நாக்கு எங்கே தொடுகிறது, உதடு எப்படிக் குவிகிறது, தொண்டை திறந்திருக்கிறதா மூடியிருக்கிறதா என்பதைக் கோடுகளாலேயே காட்டும் எழுத்துமுறை அது. அலெக்ஸாண்டர் மெல்வில் பெல் உருவாக்கி 1867இல் வெளியிட்டது. காது கேளாதவர்களுக்குப் பேசக் கற்றுக்கொடுக்க அவருடைய மகன் பாஸ்டனில் அதைப் பயன்படுத்திக்கொண்டிருந்தார். எந்த ஒலியையும் காதால் கேட்காமலே கண்ணால் படிக்கலாம் என்றால், ஆங்கிலத்தின் எல்-லும் ஆர்-ரும் பிடிபடாத ஜப்பானியருக்கு அதைவிட வேறு என்ன வேண்டும்? இசாவா நேரே அந்த மகனைத் தேடிப் போனார்.

மகனின் பெயர் அலெக்ஸாண்டர் கிரகாம் பெல். அதே 1876 மார்ச்சில்தான் அவருக்குத் தொலைபேசிக்கான காப்புரிமை கிடைத்திருந்தது.

உச்சரிப்புப் பாடம் கற்கப் போன இசாவா, உலகமே இன்னும் சரியாகக் கேள்விப்படாத ஒரு கருவியின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். கம்பி வழியே ஆங்கிலம் போகிறது, சரி. ஜப்பானிய மொழி போகுமா? சோதித்துப் பார்க்க ஹார்வர்டில் சட்டம் படித்துக்கொண்டிருந்த கனெகோ கெந்தாரோ துணைக்கு வந்தார். ஒரு முனையில் ஒருவர், மறுமுனையில் மற்றவர். ஜப்பானிய மொழியும் போயிற்று. ஆங்கிலத்துக்கு அடுத்தபடி தொலைபேசியில் பேசப்பட்ட மொழி எங்களுடையதுதான் என்று ஜப்பானியர் இன்றும் சொல்லிக்கொள்வார்கள். பிற்காலத்தில் மெய்ஜி அரசியல் சட்டத்தை எழுதிய சிலரில் ஒருவரான கனெகோவும் இந்தக் கதையைச் சொல்லியிருக்கிறார்.

மற்ற இருவரை இங்கே விட்டுவிடக் கூடாது. கோஸு பின்னால் வருவார். தக்காமினே, உள்நாட்டுப் போரில் தோற்று நொறுங்கிய ஐசு சமஸ்தானத்துப் பிள்ளை. ஆஸ்விகோவில் எட்வர்ட் ஷெல்டன் நடத்திய பள்ளி, பொருளைக் கையில் கொடுத்துப் பாடம் நடத்தும் முறைக்குப் பேர்போனது. தக்காமினே தங்கியது ஹெர்மன் க்ரூசி என்ற ஆசிரியரின் வீட்டில். இந்த க்ரூசியின் தகப்பனார் சுவிட்சர்லாந்தில் கல்விச் சீர்திருத்தவாதி பெஸ்டலோஸியின் வலது கையாக இருந்தவர். பெஸ்டலோஸியின் யோசனைகளை மூன்றாம் கையாகப் புத்தகத்தில் படிக்காமல், சாப்பாட்டு மேசையில் கேட்கும் வாய்ப்பு. ஊர் திரும்பிய தக்காமினே தோக்கியோ ஆசிரியர் பயிற்சிப் பள்ளியின் தலைவராகி, அந்த முறையை அங்கே வேரூன்ற வைத்தார். கல்வி வரலாற்று நூல்களில் இசாவாவைவிட இவருக்கே அதிக மரியாதை. ஆனால் எல்லாம் ஒழுங்காக நடந்த கதையில் சொல்வதற்குக் கொஞ்சம்தான் இருக்கிறது.

இசாவா பிரிட்ஜ்வாட்டர் படிப்பை முடித்து ஹார்வர்டின் அறிவியல் பள்ளியில் சேர்ந்தார். டார்வின் பேச்சு அங்கே சூடாக இருந்த காலம்; பின்னாளில் டார்வினின் ஆதரவாளர் ஹக்ஸ்லியின் சொற்பொழிவுகளை அவர் ஜப்பானிய மொழியில் கொண்டுவந்ததற்கு விதை அங்கே விழுந்தது. 1878 ஏப்ரலில் ஒரு முக்கியமான கடிதம் அமெரிக்காவிலிருந்து தோக்கியோவுக்குப் போயிற்று. அமெரிக்காவில் படிக்கும் ஜப்பானிய மாணவர்களைக் கண்காணித்த மெகாத்தா தனெத்தாரோவும் இசாவாவும் சேர்ந்து எழுதியது. பள்ளியில் பாட்டு ஏன் வேண்டும்? அவர்கள் அடுக்கிய காரணங்களில் அழகு, ரசனை என்பதெல்லாம் பின்னால்தான். பாட்டு பிள்ளைகளின் களைப்பைப் போக்கும், நுரையீரலை வலுவாக்கும், குரலைத் தெளிவாக்கும், உச்சரிப்பைத் திருத்தும், காதைக் கூர்மையாக்கும். ஒரு கலையை மருந்துச் சீட்டு மாதிரி பரிந்துரைத்திருக்கிறார்கள். கையில் காசில்லாத அரசிடம் இசைக்குப் பணம் கேட்பவர்கள் வேறு எப்படி எழுதுவார்கள்? உச்சரிப்பு, காது என்று வரும் இடங்களில் மட்டும் பிரிட்ஜ்வாட்டரில் பட்ட பாடு எட்டிப் பார்க்கிறது.

அதே ஆண்டு இசாவா ஊர் திரும்பினார். முதலில் கிடைத்தது உடற்பயிற்சி ஆசிரியர்களுக்கான புதிய பயிற்சிக் கழகம். ஆம்ஹர்ஸ்ட் கல்லூரியிலிருந்து ஜார்ஜ் லேலண்ட் என்ற மருத்துவர் அதற்கு வரவழைக்கப்பட்டார். 1879 அக்டோபரில் இசை ஆய்வுக்கான அலுவலகம் ஒன்று கல்வி அமைச்சகத்தில் தொடங்கப்பட்டு, இசாவா அதன் பொறுப்பேற்றார். அடுத்த மார்ச்சில் யொக்கோஹாமாவில் வந்து இறங்கியவர், வேறு யார், மேசனேதான். வயது அறுபதைத் தாண்டியிருந்தது. ஆல்பனியில் படித்த கோஸு சென்ஸபுரோவும் அந்த அலுவலகத்தில் சேர்ந்தார்.

1881 என்ற தேதியோடு முதல் பள்ளிப் பாட்டுப் புத்தகம் வந்தது, 33 பாடல்கள். மூன்று பாகங்களும் சேர்ந்தால் 91. பெரும்பாலும் மேல்நாட்டு மெட்டுக்கு ஜப்பானிய வார்த்தைகள். இவற்றில் நிலைத்து நின்றதில் முதலிடம், ஸ்காட்லாந்தின் பழைய பிரிவுப் பாட்டு மெட்டில் அமைந்த ‘ஹொத்தாரு நோ ஹிக்காரி’. மின்மினி வெளிச்சத்திலும் பனியின் ஒளியிலும் படித்த ஏழை மாணவர்களைப் பற்றிய சீனக் கதையை எடுத்துக்கொண்ட வரிகள். இன்றைக்கும் ஜப்பானியப் பள்ளிகளில் பட்டமளிப்பு நாளில் இந்தப் பாட்டு ஒலிக்கும். கடை சாத்தும் நேரத்தில் ஒலிபெருக்கியில் இதே மெட்டு வரும். எங்கோ உள்ள ஸ்காட்லாந்து மெட்டு இவ்வளவு எளிதாக ஒட்டிக்கொண்டதற்கு ஒரு காரணம் சுரத்திலேயே இருக்கிறது. அதில் ம இல்லை, நி இல்லை. மோகனத்தின் ஐந்து சுரங்களோடு முடிந்துவிடுகிறது. இசாவாவின் தொண்டைக்குப் பாய்டன் வகுப்பில் இந்தப் பாட்டு கிடைத்திருந்தால் அவர் அழுதிருக்கவே மாட்டார்!

அலுவலகம் 1887இல் தோக்கியோ இசைப் பள்ளியாக உயர்ந்தது. முதல் தலைவர் இசாவா. அந்த ஆண்டு யமாஹா தொராக்குசு என்ற பழுதுபார்ப்புத் தொழிலாளி, ஹமமாத்சுவில் தானே செய்த ரீட் ஆர்கனைத் தோளில் சுமந்து, நண்பரோடு ஹக்கோனே மலையைத் தாண்டி, 250 கிலோமீட்டர் நடந்து இசாவாவிடம் கொண்டுவந்தார். வாசித்துப் பார்த்ததில் சுருதி சேரவில்லை. சுருதி எங்கே பிசகுகிறது என்பதைத் தன் தொண்டையிலேயே அனுபவித்த மனிதர் அதைச் சொன்னார்; சொல்லி அனுப்பிவிடாமல், யமாஹாவை அங்கேயே தங்கி இசைக் கோட்பாடும் சுருதி சேர்ப்பும் படிக்க ஏற்பாடு செய்தார். அடுத்து செய்த ஆர்கன் தேறிவிட்டது. மறு ஆண்டு, பேரரசு நிறுவப்பட்டதாகக் கொண்டாடும் நாளுக்கான பாட்டுக்கு மெட்டுப் போட்டவர் இசாவா. ஜப்பானியப் பிள்ளைகள் பல தலைமுறைகள் அதைப் பள்ளியில் நின்று பாடினார்கள்.

இதுவரை படித்ததில் இசாவாவைப் பிடித்துப்போயிருந்தால், மிச்சத்தையும் படிக்க வேண்டும். பள்ளிப் பாட்டு என்பது பிள்ளைகளின் நுரையீரலுக்கு மட்டும் வந்ததல்ல. மின்மினிப் பாட்டின் நான்காம் பகுதியில் வடக்கே குரில் தீவுகளும் தெற்கே ஒக்கினாவாவும் நம் எல்லைக்குள்தான் என்று வருகிறது; நாடு பிடிக்கப் பிடிக்க அந்த வரியில் ஊர்ப்பெயர்களும் மாறின. 1891இல் அமைச்சகத்தோடு முரண்பட்டுப் பதவி இழந்த இசாவாவுக்கு, 1895இல் ஜப்பான் சீனாவிடமிருந்து தைவானைப் பறித்தபோது மறுபடி வேலை வந்தது. புதிய காலனியின் கல்விப் பொறுப்பு. தைப்பேயை ஒட்டிய ஜிஷான்யன் குன்றில், ஒரு கோயிலில், உள்ளூர்க்காரர்களுக்கு ஜப்பானிய மொழி கற்பிக்கும் பள்ளியைத் தொடங்கினார். 1896ஆம் ஆண்டின் முதல் நாள், ஜப்பானிய ஆட்சியை எதிர்த்தெழுந்தவர்கள் அங்கிருந்த ஆறு ஆசிரியர்களைக் கொன்றார்கள். இசாவா அப்போது ஜப்பானுக்குப் போயிருந்ததால் தப்பினார். பள்ளி மறுபடி நடந்தது; செத்த அறுவரும் காலனிக் கல்வியின் தியாகிகளாக்கப்பட்டார்கள். அந்நிய மொழி நாக்கில் ஏறாத வேதனை என்னவென்று பாஸ்டனில் கற்றவர், அடுத்தவர் நாக்கில் தன் மொழியை ஏற்றும் வேலையைத் தயங்காமல் செய்தார். இந்த முரண்பாடு அவரை உறுத்தியதாக அவர் எழுத்தில் தெரியவில்லை. 1897இல் தைவான் வேலையை விட்டார், அதுவும் கல்விக்கு நிதி குறைத்ததில் வந்த தகராறினால்.

கடைசி இருபது வருடம் அவர் பெல்லின் குறிகளுக்கே திரும்பினார். ஃபிலடெல்ஃபியாவில் பார்த்த அந்த எழுத்துமுறையை விளக்கி 1901இல் ஜப்பானிய மொழியில் ஒரு நூல் வெளியிட்டார். வடகிழக்கு மாவட்டங்களின் கொச்சை உச்சரிப்பைத் திருத்துவதற்கும் அதைப் பயன்படுத்தினார். அந்த ஊர்க்காரர்கள் அதைத் திருத்தம் என்று நினைத்திருப்பார்களா என்பது வேறு விஷயம். 1903இல் தோக்கியோவில் திக்குவாய் உள்ளவர்களுக்குப் பேச்சுப் பயிற்சி தர ராக்குசெக்கிஷா என்ற நிலையத்தைத் தன் புனைபெயராலேயே தொடங்கினார். மருந்து எதுவும் கிடையாது. மூச்சு, நாக்கு, உதடு இவற்றின் இயக்கத்தைக் கவனித்துப் படிப்படியாகப் பேசிப் பழகுவதுதான் முறை. இசாவா 1917 மே மாதம் இறந்தார், அதுவரை நிலையத்தை நடத்தியவர் அவரேதான்.